கோபுரத்துள் ஒரு மரக்கலம்: தாமிரபரணிக் கரையில் அரபுக் குதிரை வணிகரும் இராவுத்த வடிவமும்

அம்பாசமுத்திரத்துக்கு அருகே, கடனாநதி தாமிரபரணியோடு கலக்கும் இடத்தில், திருப்புடைமருதூர் என்னும் சிற்றூர் உள்ளது. அங்குள்ள நாறும்பூநாதர் கோயிலின் இராசகோபுரம் வெளித்தோற்றத்தில் தென்னாட்டுக் கோபுரங்கள் பலவற்றையும் ஒத்ததே. அதன் உட்புறம் வேறு. படியேறி மேல்நிலைகளுக்குச் சென்றால் மரத்தூண்களும், மரத்தில் இழைத்த சிற்பங்களும், சுவர்களில் நெருங்கித் தீட்டப்பெற்ற ஓவியங்களும் நம்மைச் சூழ்ந்துகொள்கின்றன. சிவபுராணக் கதைகள், இராமாயணம், அடியார் வரலாறுகள் ஆகியவற்றோடு அரசர்களும் படைகளும் அங்கே உள்ளனர். இவற்றின் நடுவே குதிரைகளை ஏற்றிவரும் மரக்கலம் ஒன்றும், அதில் வந்த அரபு வணிகரும் தீட்டப்பெற்றுள்ளனர்.

கடலிலிருந்து பல கல் தொலைவு உள்ளே, நெல்வயல்கள் சூழ்ந்த ஆற்றங்கரை ஊரில், ஒரு சிவாலயத்தின் கோபுரத்துக்குள் அரபு வணிகர் எவ்வாறு வந்தனர்? இவ்வினா கலை ஆய்வாளர்க்கு மட்டும் உரியதன்று. தமிழக முஸ்லிம்களின் வரலாற்றைக் கற்போர் ஒவ்வொருவரும் எழுப்ப வேண்டிய வினா இது.

முதலில் ஓவியத்தின் இயல்பைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். விசயநகர, நாயக்கர் கால மரபில் அமைந்த இவ்வோவியங்களில் செங்காவியும் மஞ்சட்காவியும் மிகுதி. கருங்கோடு உருவங்களை வரையறுக்கிறது. கண்கள் இயற்கை அளவுக்கு மிஞ்சி விரிந்துள்ளன. உடலின் அளவு மெய்யான அளவை ஒட்டாமல் அவரவர் சிறப்பை ஒட்டியே அமைகிறது. தொலைவு, அண்மை என்னும் வேறுபாட்டை ஓவியன் பொருட்படுத்தவில்லை. இத்தகைய உருவங்களைக் காணும் இன்றைய கல்வியாளர், எக்ஸ்பிரஷனிசம் என்று ஐரோப்பியர் பெயரிட்ட வெளிப்பாட்டியல் ஓவியத்தை நினைவுகூர்வது இயல்பு. கண்ணுக்குத் தோன்றுவதை விடுத்து உள்ளம் உணர்வதைத் தீட்டுதல் அப்பள்ளியின் கொள்கை. 1905இல் செருமனியின் டிரெஸ்டன் நகரில் அதனைத் தொடங்கிய இளைஞருள் ஒருவரான எர்ன்ஸ்ட் லுட்விக் கிர்ஷ்னர், அசந்தா ஓவியங்களின் படிகளை ஜான் கிரிஃபித்ஸ் வெளியிட்ட நூலில் கண்டு அவற்றை வரைந்து பழகியவர் என்பது கலை வரலாற்றார் அறிந்த செய்தி. எனவே நம் சுவரோவியங்களுக்கு வெளிப்பாட்டியல் என்னும் பெயரைக் கடன் வாங்குவதற்கு நாம் கூசவேண்டியதில்லை. கொடுத்ததில் ஒரு பகுதியையே திரும்பப் பெறுகிறோம்.

ஆயினும் இவ்வொப்புமையை நெடுந்தூரம் கொண்டுசெல்ல இயலாது. கிர்ஷ்னரின் ஓவியத்தில் பேசுவது தனிமனிதன் ஒருவனின் கலக்கம். திருப்புடைமருதூர் ஓவியன் தன் பெயரைக்கூட எழுதிவைக்கவில்லை. அவன் கையில் விரிந்த கண், அவனுடைய ஆசிரியர் கையிலும் அவர்க்கு முன்னோர் கையிலும் விரிந்த கண்ணே. அவன் தீட்டியது ஒரு வட்டாரத்தின் நினைவு. அந்நினைவில் தெய்வமும் அரசனும் வணிகனும் ஒரே கோட்டால், ஒரே வண்ணத்தால் எழுதப்பெற்றுள்ளனர். அருகிலுள்ள குற்றாலத்தின் சித்திர சபையில் நடராசரே சுவரோவியமாக வழிபடப்பெறுகிறார். ஓவியத்தை அலங்காரமாக அன்றி மெய்ப்பொருளாகவே கருதிய நாடு இது. ஆதலால் மரக்கலத்தில் வந்த அவ்வணிகரை வெற்றிடத்தை நிரப்பிய உருவங்கள் என்று தள்ளிவிடுதல் பொருந்தாது.

இக்கோபுரத்துப் போர்க் காட்சிகளை ஆராய்ந்த பேராசிரியர் சா. பாலுசாமி, அவை 1532இல் நிகழ்ந்த தாமிரபரணிப் போரைக் குறிப்பன என்று கண்டார். வேணாட்டு அரசர் பூதலவீர உதயமார்த்தாண்டவர்மர் திருநெல்வேலிச் சீமையின் தென்பகுதியைத் தம் ஆட்சிக்குள் கொண்டுவந்திருந்த காலம் அது. விசயநகரப் பேரரசர் அச்சுததேவராயர் அவர்மீது படையனுப்பினார். அரசரின் மைத்துனர் சலகராசு சின்ன திருமலை படைக்குத் தலைமை தாங்கினார். ஆற்றங்கரையில் வேணாட்டுப் படை தோற்றது. இராசநாத திண்டிமர் வடமொழியில் இயற்றிய 'அச்சுதராயாப்யுதயம்' இப்படையெடுப்பைப் பாடுகிறது. போரின் வெற்றி தோல்விகளைவிட நமக்கு இங்கு வேண்டுவது ஒரு சிறு செய்தியே: அப்போரில் ஓடிய குதிரைகள் எங்கிருந்து வந்தன என்பது.

தமிழகத்தின் ஈரமான தட்பவெப்பம் போர்க்குதிரை வளர்ப்புக்கு ஏற்றதன்று. நல்ல குதிரைகள் பாரசீக வளைகுடாவின் இருகரைகளிலிருந்தும் அரபு நாட்டிலிருந்தும் கடல்வழியே வந்தன. அவை இறங்கிய துறைகளுள் முதன்மையானது தாமிரபரணியின் கழிமுகத்தில் அமைந்த காயல். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் தென்னகக் கடற்கரைகளைக் கடந்துசென்ற மார்க்கோ போலோ, ஹோர்முஸ், கீஸ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து மேற்கிலிருந்து வரும் கப்பல்கள் எல்லாம் குதிரைகளோடும் பிற சரக்குகளோடும் அங்கே வந்தடைந்ததைக் குறிக்கிறார். பாண்டிய நாட்டை ஆண்ட உடன்பிறந்தோர் ஐவரும் ஆண்டுதோறும் ஆளுக்கு 2,000 குதிரைகள் வாங்கினர் என்றும், ஆண்டு முடிவில் அவற்றுள் 100 குதிரைகள்கூட உயிரோடு எஞ்சுவதில்லை என்றும் எழுதுகிறார். குதிரைகளைப் பேணத் தெரிந்தோர் அங்கு இல்லை என்பதும், வணிகர்கள் அத்தகையோர் அங்குச் செல்லாதவாறு பார்த்துக்கொண்டனர் என்பதும் அவர் கூற்று.

அதே காலத்துப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் தரும் செய்தி இன்னும் விரிவானது. கீஸ் தீவின் அதிபதி மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன், ஆண்டுதோறும் 1,400 குதிரைகளைத் தம் தீவிலிருந்து மஅபருக்கு அனுப்ப உடன்பட்டிருந்தார். மஅபர் என்பது அரபியர் சோழ, பாண்டியக் கடற்கரைக்கு வழங்கிய பெயர். கத்தீஃப், லஹ்ஸா, பஹ்ரைன், ஹோர்முஸ், கல்ஹாத் ஆகிய இடங்களிலிருந்தும் சேர்த்து ஆண்டுக்கு 10,000 குதிரைகள் வந்தன. ஒரு குதிரையின் விலை 220 செம்பொன் தீனார். வழியில் குதிரை இறந்தாலும் அதன் விலையை அரசுக் கருவூலம் செலுத்தவேண்டும் என்பது உடன்படிக்கை. ஜமாலுத்தீனின் உடன்பிறந்தவரான தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டிய மன்னரின் அமைச்சராகவும் ஆலோசகராகவும் விளங்கினார். காயல் உள்ளிட்ட துறைமுகங்கள் அவர் பொறுப்பில் இருந்தன. ஹிஜ்ரி 702இல், அதாவது 1303இல், அவர் காலமானார். வஸ்ஸாஃப் பாரசீகத்தில் இருந்துகொண்டு கேட்டறிந்து எழுதியவர் ஆதலின் அவர்தம் எண்களை அப்படியே கணக்காகக் கொள்ளாமல் இருப்பது நலம். எனினும் மார்க்கோ போலோவின் எண்ணும் அவர் எண்ணும் ஆண்டுக்குப் பத்தாயிரம் என்னும் ஒரே அளவில் வந்து நிற்பது கருதத்தக்கது.

வஸ்ஸாஃபின் குறிப்பில் மற்றொரு வரி உள்ளது. நம் கட்டுரையின் மையமே அதுதான். குதிரைகளுக்காகக் கொடுத்த பெருந்தொகை, கோயில்களுக்குரிய நிலங்களின் உபரி வருவாயிலிருந்தும் கோயிற் பெண்டிர்மீது விதித்த வரியிலிருந்தும் செலுத்தப்பெற்றது என்கிறார் அவர். கோயிலின் பொன் குதிரைக்குப் போயிற்று.

இதனை மாணிக்கவாசகர் வரலாற்றோடு வைத்துப் பார்க்கவேண்டும். தமிழர் யாவரும் அறிந்த கதை அது. அரிமர்த்தன பாண்டியனின் அமைச்சரான வாதவூரர், கீழைக் கடற்கரையில் வந்திறங்கிய குதிரைகளை வாங்கக் கருவூலப் பொன்னோடு அனுப்பப்பெறுகிறார். வழியில் திருப்பெருந்துறையில் ஞானகுருவைக் காண்கிறார். குதிரைக்குரிய பொன் கோயில் திருப்பணிக்குச் செலவாகிறது. மன்னன் குதிரை கேட்டபோது இறைவன் நரிகளைப் பரிகளாக்கித் தானே குதிரை வணிகர் தலைவனாக உருக்கொண்டு மதுரைக்கு வருகிறான். அன்றிரவே பரிகள் நரிகளாகி, இலாயத்துப் பழைய குதிரைகளையும் கடித்துக் குதறி ஓடிவிடுகின்றன. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணமும், அதற்கு முற்பட்ட நூல்களும் இதனைப் பாடுகின்றன. இறைவன் குதிரைமீது வந்ததைத் திருவாசகமே குறிப்பதனால், கதையின் வித்து 9ஆம் நூற்றாண்டை ஒட்டியது எனலாம்.

வரலாற்றில் கோயிற்பொன் குதிரைக்குச் சென்றது. கதையில் குதிரைப்பொன் கோயிலுக்கு வந்தது. வரலாற்றில் விலைகொடுத்து வாங்கிய குதிரைகள் ஓராண்டுக்குள் மாய்ந்தொழிந்தன. கதையில் ஓரிரவுக்குள் மறைந்தன. ஒன்றன் கண்ணாடி நிழலே மற்றொன்று என்பது நம் கருத்து. கதை முந்தியது, வஸ்ஸாஃப் பிந்தியவர் என்று கால முறையைக் காட்டி ஒருவர் மறுக்கலாம். ஆனால் குதிரை வாணிகம் வஸ்ஸாஃபுக்கு வெகுகாலம் முற்பட்டது. புராணம் முழுவடிவம் பெற்றதோ அவருக்குப் பிற்பட்டது. நூற்றாண்டுக் கணக்கில் கண்முன் நிகழ்ந்த இழப்பை மக்கள் மனம் கதைக்குள் ஏற்றிக்கொண்டது என்று கொள்வதில் தடையேதும் இல்லை. மேலும், அடியவரைக் காக்க இறைவன் எடுக்கும் உருவங்களில் குதிரை வணிகன் உருவம் ஒன்றாயிற்று என்பதே அவ்வணிகனுக்கு இந்நாட்டில் இருந்த மதிப்பைக் காட்டும். அயலான் என்று வெறுக்கப்பட்டவனின் கோலத்தில் தெய்வத்தைக் காண எவரும் உடன்படார்.

ஆவுடையார்கோயில் என்று இன்று வழங்கும் திருப்பெருந்துறையில் குதிரைமீதமர்ந்த இறைவனின் கற்சிற்பம் உள்ளது. இராவுத்தன் என்னும் சொல்லும் இங்கு நினைக்கத்தக்கது. இராசபுத்திரன் என்னும் வடசொல் பிராகிருத வழியில் திரிந்து, குதிரை வீரன் என்னும் பொருளில் தென்னாட்டு மொழிகளில் புகுந்தது என்பது மொழியறிஞர் பலர்தம் கொள்கை. அச்சொல் தமிழ் முஸ்லிம்களில் ஒரு பெரும் பிரிவினர்க்குப் பட்டப்பெயராயிற்று. அருணகிரிநாதர் கந்தரலங்காரத்தில் மயிலேறும் முருகனையும் அதே சொல்லால் விளிக்கிறார். ஒரு சமூகத்தின் பெயரும் தெய்வத்தின் பெயரும் ஒன்றாக நிற்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று தமிழில் அரிது.

இவற்றையெல்லாம் கொண்டு அக்காலம் அமைதியின் பொற்காலம் என்று எழுதிவிடுவோர் நம்மிடையே உண்டு. நாம் அவ்வாறு எழுதத் துணியோம். குதிரை வாணிகம் போர் வாணிகம். காயலில் இறங்கிய ஒவ்வொரு குதிரையும் ஏதோ ஒரு படைக்குச் சென்றது. அப்படைகள் மிதித்தவை இவ்வாற்றங்கரை வயல்களையும்தான். வாங்குவோரின் அறியாமையே விற்போரின் ஆதாயம் என்னும் நிலையை மார்க்கோ போலோவின் வரி மறைக்கவில்லை. வணிகர் அனைவரும் முஸ்லிம்கள் என்பதும் பிழை. மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகளைச் சோழர் கல்வெட்டுகள் குறிக்கின்றன. விசயநகரத்தில் 1535ஐ ஒட்டித் தங்கியிருந்த ஃபெர்னாவ் நூனிஸ் என்னும் போர்ச்சுகீசியரும் குதிரை வணிகரே. முற்காலத்து நரசிம்மராயர் கடலில் இறந்த குதிரையின் வாலை மட்டும் கொண்டுவந்து காட்டினாலும் முழு விலை கொடுத்தார் என்று அவர் எழுதிவைத்துள்ளார். வால் ஒன்றுக்கு முழுக்குதிரை விலை! நரியைப் பரியென்று கொடுத்த கதை, இதனோடு ஒப்பிட, அத்துணை வியப்பளிப்பதாகத் தோன்றவில்லை.

இனி, அரபு வணிகரின் உருவம் கோயிற் சுவரில் உள்ளதே, நம் பள்ளிவாசல்களில் அவர்கள் ஏன் இல்லை என்னும் கேள்விக்கு வருவோம். விடை எல்லாரும் அறிந்ததே. உயிருள்ளவற்றின் உருவம் தீட்டுதலை ஹதீஸ்களின் அடிப்படையில் மார்க்க அறிஞர் விலக்கினர். பாரசீகத்திலும் முகலாயர் அவையிலும் சூஃபிகள், தர்வேஷ்கள் ஆகியோரின் உருவங்கள் நூலோவியங்களாக மலர்ந்தன என்பது உண்மை. ஆனால் அவை அரசவைக் கலை. தமிழகக் கடற்கரையில் அத்தகைய அவை இல்லை. காயல்பட்டினத்தின் பழைய பள்ளிவாசல்களில் கருங்கல் தூண்களும் தட்டையான மேற்கூரையும் உள்ளன. தமிழகக் கோயில் மண்டபங்களைக் கட்டிய அதே கல்தச்சர் மரபு அங்கேயும் உளியெடுத்திருக்கிறது. வேறுபாடு ஒன்றே: உருவங்கள் இருக்கவேண்டிய இடத்தில் பூக்களும் கொடிகளும் வடிவக் கோலங்களும் உள்ளன. கடையத்துக்கு அருகே பொட்டல்புதூரில் முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானி அவர்களின் பெயரால் அமைந்த தர்காவும் கோயிற் கட்டடக் கலையின் சாயலோடு நிற்கிறது. முஸ்லிம்களும் இந்துக்களும் அங்கு ஒருங்கே வந்து செல்கின்றனர். அங்கும் ஞானியின் உருவம் இல்லை.

தமிழ் முஸ்லிம்கள் தீட்டியவை சொல்லோவியங்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் விண்ணேற்றத்தைப் பாடும் ஆலிப்புலவரின் 'மிஃராசு மாலை' 1590இல் தோன்றியது. திருப்புடைமருதூர் ஓவியங்களின் காலத்துக்கு அது அப்பாற்பட்டதன்று. புராக் என்னும் விண்ணூர்தியைப் பாரசீக ஓவியர் வண்ணத்தில் எழுதினர். ஆலிப்புலவர் யாப்பில் எழுதினார். அடுத்த நூற்றாண்டில் உமறுப் புலவர் சீறாப்புராணத்தில் அரபு நாட்டையே ஆறும் வயலுமாகக் கண்டு பாடினார். மக்காவை வருணிக்க மருத நிலம் அவருக்குக் குறுக்கே நிற்கவில்லை. கோபுரத்து ஓவியன் அரபியரை ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்தான். உமறுப் புலவர் ஆற்றங்கரையை அரபு நாட்டுக்குக் கொண்டுபோனார். இரண்டும் ஒரே மண்ணில் விளைந்த கற்பனை.

எனவே நம் முன்னோரின் தோற்றத்தை அறிய நமக்கு வாய்த்த சான்றுகள் பெரும்பாலும் பிறர் தீட்டியவையும் செதுக்கியவையுமே. அம்பியில் மகாநவமி மேடையின் கற்களில் குதிரை கொணர்ந்த துருக்கரும் அரபியரும் உள்ளனர். ஆனால் அது பேரரசின் தலைநகர். தன் பெருமையைக் காட்ட அயல்நாட்டார் வரிசையை அது செதுக்கிக்கொண்டது. திருப்புடைமருதூர் அவ்வாறன்று. அங்கே வணிகர் எவர்க்கும் திறை கொண்டுவரும் கோலத்தில் வரவில்லை. தம் தொழிலைச் செய்ய வருகின்றனர். இவ்வேறுபாட்டை நாம் பெரிதாகக் கருதுகிறோம். தென்னகத்தில் இஸ்லாம் வாளோடு வந்தது என்று பாடநூல்களிலும் மேடைகளிலும் ஓயாது சொல்லப்படும் கூற்றுக்கு, மறுப்பு எழுதவேண்டும் என்ற எண்ணமே இல்லாத ஓர் ஓவியன் எழுதிவைத்த மறுப்பு அது. மாலிக் காபூரின் படை 1311இல் மதுரைக்கு வந்தபோது, தகியுத்தீன் மறைந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த இரண்டு வருகைகளையும் ஒன்றாக்கிப் பேசுதல் வரலாறு ஆகாது.

ஓவியம் எழுந்த காலத்தை நோக்கினால் மற்றொன்றும் புலப்படும். 1510இல் கோவாவைக் கைப்பற்றிய போர்ச்சுகீசியர் குதிரை வாணிகத்தைத் தம் துறைமுகத்துக்குத் திருப்பினர். முத்துக்குளித்துறையில் பரதவர்க்கும் முஸ்லிம்களுக்கும் பூசல் முற்றிய வேளையில், 1535ஐ ஒட்டிக் குமரி முனைக்கு வந்தவர் சுவாம் தா குரூஸ். கோழிக்கோட்டைச் சேர்ந்த செட்டி மரபினரான அவர், லிஸ்பனில் கிறித்தவம் தழுவியவர். இங்கு வந்தது குதிரை விற்கவே. பரதவர் தூதுக்குழு கொச்சிக்குச் சென்று போர்ச்சுகீசியரின் துணையைப் பெற வழிகாட்டியவர் அவர். அதன் பின் பரதவர் பெருந்திரளாகத் திருமுழுக்குப் பெற்றனர். 1538இல் வேதாளைக் கடற்கரையில் மரக்காயர் படகுப்படை போர்ச்சுகீசியரிடம் தோற்றது. கடல் கைமாறியது. காயலுக்குக் குதிரை கொணர்ந்து உலகம் வியக்க வாழ்ந்த வணிகக் குடியினர், சில ஆண்டுகளுக்குள் தம் கடலிலேயே பிறர் அனுமதிச் சீட்டு பெற்றுக் கலம் செலுத்தும் நிலைக்கு வந்தனர். குதிரையோடு தொடங்கிய ஒரு காலம் மற்றொரு குதிரை வணிகர் வழியாகவே முடிவுக்கு வந்தது.

1532ஆம் ஆண்டுப் போரின் நினைவு மங்குமுன் இக்கோபுரத்தில் தூரிகை எடுத்தவர்கள், இவ்வாறு கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்த உலகத்தையே தீட்டியுள்ளனர். அது அவர்களுக்குத் தெரிந்திருக்குமா என்பது வேறு. பிஷப் கால்டுவெல் 19ஆம் நூற்றாண்டில் பழையகாயலில் அகழ்ந்தபோது சீனப் பீங்கான் ஓடுகளும் அரபு நாட்டு மட்கலத் துண்டுகளும் கிடைத்தன. மார்க்கோ போலோ கூறிய காயல் அதுவே என்று அவர் நிறுவினார். கடல் பின்வாங்கிவிட்டது, தாமிரபரணி கொணர்ந்த வண்டல் துறைமுகத்தை மூடிவிட்டது. கலங்கள் நின்ற இடத்தின் சுற்றுப்புறத்தில் இன்று உப்பளங்கள் உள்ளன. ஆற்றின் அம்முனையில் ஓடுகளும், இம்முனையில் ஓவியமும் எஞ்சியுள்ளன. இவ்விரண்டையும் இணைத்துப் படிக்கும் ஆய்வு இன்னும் விரிவாக நடைபெறவேண்டும். காயல்பட்டினத்து மீசான் கல்வெட்டுகளைப் படிக்கத் தெரிந்த நம் இளைஞர்கள், உரிய இசைவு பெற்று ஒருமுறை அக்கோபுரப் படிகளில் ஏறி அம்மரக்கலத்தையும் பார்த்துவருதல் வேண்டும்.